பாறையைத் தட்டிப் பறவையை அழைத்தவர்கள்

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராச சோழன் எடுப்பித்த கோயில் அது. அங்கே பலிபீடத்தை ஒட்டிச் சில கற்படிகள் உள்ளன. தட்டினால் வெவ்வேறு சுரம் எழுப்பும் படிகள் அவை. பாதுகாப்பிற்காகக் கம்பி அடைப்பு போட்டிருப்பதால் இன்று நாம் தட்டிப் பார்க்க இயலாது. ஆனால் காலை வேளையில் கோயிலைச் சுற்றிய புல்தரையில் மைனாவையும் கரிச்சானையும் கொண்டலாத்தியையும் கண்டு களிக்கலாம்.

ஒலிக்கும் கல்லுக்கும் பறவைக்கும் என்ன தொடர்பு? தொடர்பு உண்டு என்று காட்டிய ஊர் ஒன்று இருக்கிறது. காவிரிக் கரையில் அல்ல. தார்ப் பாலைவனத்தின் ஓரத்தில்! அதுதான் ஜோத்பூர்.

1459ஆம் ஆண்டில் ராவ் ஜோதா என்ற மன்னர் நிறுவிய நகரம் அது. ஆண்டுக்குச் சுமார் 35 சென்டிமீட்டர் மழைதான் பெய்யும். நம் தஞ்சைப் பகுதியிலோ அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு மழை. நகரின் நடுவே மெஹ்ரான்கட் கோட்டை ஓங்கி நிற்கிறது. கோட்டையைச் சுற்றிலும் 70 கோடி ஆண்டுகளுக்கு முந்திய எரிமலைப் பாறைகள்.

இந்த வறண்ட நிலத்தைப் பசுமையாக்க வேண்டும் என்று 1930ஆம் ஆண்டுகளில் ஒரு முயற்சி நடந்தது. மகாராஜா உமைத் சிங் காலத்தில் ஒருவகை மரத்தின் விதைகளை விமானத்திலிருந்து தூவினார்கள் என்று கூறுவர். அது எந்த மரம் தெரியுமா? நமக்கு நன்கு அறிமுகமான சீமைக் கருவேலந்தான்! அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இம்மரம், அதற்கு முன்பே 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திற்கும் வந்துவிட்டது.

நோக்கம் நல்லதே. விளைவுதான் வேறு. ஆடுமாடுகள் நெற்றைத் தின்றன. சாணத்தின் வழியே விதை பரவியது. மற்றச் செடிகளை வளரவிடாமல் சீமைக் கருவேலம் பாறைநிலம் முழுவதும் மண்டியது. ஜோத்பூர் மக்கள் அதற்கு 'பாவ்லியா', அதாவது 'பைத்தியம் பிடித்தது' என்று பெயர் வைத்தார்கள்.

பசுமை வந்துவிட்டதே, பறவைகளுக்கு நன்மைதானே என்று நீங்கள் கேட்கலாம். பறவைக்கு அமர ஒரு கிளை மட்டும் போதுமா? ஒரு பறவைக்குத் தேன் வேண்டும். இன்னொன்றுக்குப் பழம் வேண்டும். மற்றொன்றுக்குப் புல்விதையும் பூச்சியும் வேண்டும். ஒரு செடி ஓய்ந்த மாதத்தில் வேறொரு செடி பூத்தால்தான் ஆண்டு முழுவதும் அவற்றுக்கு உணவு கிடைக்கும். ஒரே மரம் நிறைந்த காடு, ஒரே பண்டம் விற்கும் கடைத்தெருவைப் போன்றது.

2006ஆம் ஆண்டில் கோட்டையை ஒட்டிய சுமார் 70 ஹெக்டேர் நிலத்தை அதன் பழைய நிலைக்குத் திருப்பும் பணி தொடங்கியது. மரங்களைப் பற்றி நூல்கள் எழுதிய பிரதீப் கிருஷண் இதற்குத் தலைமை ஏற்றார். ஆனால் சீமைக் கருவேலத்தை வெட்டினால் போதாது. மண்ணுக்கு அடியில் உள்ள அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். அதுவோ பாறை வெடிப்புகளுக்குள் புதைந்திருந்தது.

அப்போது கைகொடுத்தவர்கள் கண்ட்வாலியா எனப்படும் கல்லுடைக்கும் தொழிலாளர்கள். சுத்தியால் பாறையைத் தட்டி, எழும் ஓசையைக் கேட்டே உள்ளே வெடிப்பு எங்கே ஓடுகிறது என்று அறியும் திறன் அவர்களுக்கு உண்டு. சந்தையில் நம் வீட்டுப் பெண்கள் பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவதில்லையா? அதே இயற்பியல்தான். முழுமையான கல்லில் அதிர்வு தடையின்றிப் பரவி 'கணீர்' என்று ஒலிக்கும். வெடிப்பு இருந்தால் அதிர்வின் ஆற்றல் அங்கே சிதறிவிடும், ஓசை மந்தமாகும். வெடிப்பின் வழியே உளியை இறக்கினால் கடினமான பாறையும் பெயர்ந்துவிடும்.

இவ்வாறு அடிக்கட்டையைத் தோண்டி எடுத்த குழிகள் வீணாகவில்லை. அவற்றிலேயே கள்ளி, கைர் முதலிய பாலைநிலச் செடிகளை நட்டார்கள். 2011ஆம் ஆண்டில் 'ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா' மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இங்கே புல்தரையும் இல்லை, பூப்பாத்தியும் இல்லை. இளவேனிலில் கைர்ச் செடி சிவப்பாய்ப் பூக்கும்போது ஊதாத் தேன்சிட்டு அதை நாடி வருகிறது. வெண்காதுக் கொண்டைக்குருவி, கருஞ்சிட்டு, பஞ்சுருட்டான், மயில் ஆகியவற்றையும் நகரத்தின் நடுவிலேயே காணலாம். இங்கே பறவை பார்ப்பவர், எந்தப் பறவை எந்தச் செடியை நாடுகிறது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறார்.

இது நமக்கு எதற்கு? எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் மண்டியிருந்த சீமைக் கருவேலத்தை ஒருமுறை இயந்திரம் வைத்து அகற்றினார்கள். நானும் மகிழ்ந்தேன். அடுத்த மழைக்கே அது துளிர்த்துவிட்டது. அடிக்கட்டை அங்கேயே இருந்தது. வெட்டிய இடத்தில் வேறெதுவும் நடப்படவும் இல்லை. ஒன்றை அகற்றுவது பாதி வேலை. அந்த இடத்தில் எது இருக்கவேண்டும் என்று அறிவது மறுபாதி. அதை நமக்குச் சொல்லக்கூடியவை பறவைகள்.

ஆகவே ஒரு குறிப்பேடு வாங்குங்கள். கோயில் தோட்டமோ குளக்கரையோ, ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒருமுறை 15 நிமிடம் நின்று, எந்தப் பறவை, எத்தனை, எந்த மரத்தில், என்ன தின்றது என்று எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது, அதிலும் சேரலாம். ஓராண்டு கழித்து உங்கள் ஊரில் மரக்கன்று நடும் விழா நடக்கும்போது, எந்தக் கன்று வேண்டும் என்று சொல்ல உங்கள் குறிப்பேடே போதும்.