அல்ஹம்ராவும் பண்ணைப்புரமும்

வரலாறு என்றதும் நாம் கோட்டையையும் கொத்தளத்தையும் தேடிச் செல்கிறோம். கல்லில் வெட்டியதும் செப்பில் பொறித்ததும் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. காற்றோடு கலந்துவிடும் பாட்டு நம் கணக்கில் சேர்வதில்லை. மன்னர் அவையில் இடம்பெறாத மக்களுக்கோ அப்பாட்டே வரலாறு. இவ்வுண்மையைத் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கும், கடல் கடந்த ஸ்பெயின் நாட்டின் அந்தலூசியாவும் ஒருங்கே உணர்த்துகின்றன.

இரண்டும் மலைகளை அண்டிய நிலங்கள்; இரண்டும் வாய்க்கால் நீரால் வளம் பெற்றவை. முல்லைப் பெரியாற்றின் நீர் 1895இல் மலையைக் குடைந்து இப்பக்கம் திருப்பப்பட்டபின் கம்பம் பள்ளத்தாக்கு செழித்தது. கிரானடாவின் தோட்டங்களுக்கு நீர் ஊட்டியவை முஸ்லிம்கள் வெட்டிய கால்வாய்கள். அவற்றை ஸ்பானியர் இன்றும் 'அஸேக்கியா' என்றே அழைக்கின்றனர். 'அஸ்ஸாகியா' என்னும் அரபுச் சொல்லின் திரிபு அது. திராட்சையும் இரு நிலங்களுக்கும் பொது. அங்கே அது பெரிதும் மதுவாகிறது. இங்கோ, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை பெரும்பாலும் பழமாகவே சந்தைக்குச் செல்கிறது.

இரண்டு மூன்று நாள் ஓய்வைக் கழிக்க இன்று செவில்லிக்கும் கிரானடாவுக்கும் செல்வோர் மிகப் பலர். பகலில் ஓவியக் கூடங்களைக் காண்கின்றனர். இரவில் மதுக்கடைகளிலும் சிற்றரங்குகளிலும் பிளமெங்கோ இசையைக் கேட்கின்றனர். மதுவில் நமக்கு வேலையில்லை. பாட்டுக்கு மட்டும் செவி சாய்ப்போம். அடித்தொண்டையிலிருந்து எழும் குரல், கைத்தாளம், குதிகாலின் ஓசை, கிதாரின் நரம்பொலி இவையே அதன் உறுப்புகள்.

இக்கலை முழுவதும் நம்முடையதே என்று பெருமை பேசுவோர் உண்டு. அவ்வளவு தூரம் செல்லச் சான்று இடந்தராது. பிளமெங்கோ இன்றைய வடிவம் பெற்றது 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டிலுமே. ஆனால் அது முளைத்த மண்ணைப் பண்படுத்தியவர்களுள் முஸ்லிம்களும் உண்டு என்பதில் ஐயமில்லை. 822இல் கிழக்கிலிருந்து குர்துபா வந்து சேர்ந்த ஸிர்யாப், 'ஊத்' என்னும் நரம்பிசைக் கருவிக்கு ஐந்தாம் நரம்பைச் சேர்த்தவர் எனப் போற்றப்படுகிறார். அக்கருவியே ஐரோப்பாவில் 'லூட்' ஆயிற்று. 14ஆம் நூற்றாண்டு ஸ்பானிய இலக்கியம் 'மூர் கிதார்' என்றொரு கருவியைக் குறிக்கிறது.

1492இல் கிரானடா வீழ்ந்தது. கட்டாய மதமாற்றத்துக்கு ஆளான முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் 1609 முதல் 1614 வரை நாட்டைவிட்டே துரத்தப்பட்டனர். எஞ்சிய ஏழைகளிடையே வாழ்ந்தவர்கள் ஜிப்ஸிகள். அவர்களின் முன்னோர் நம் இந்திய மண்ணிலிருந்து சென்றவர்கள் என்பதை அவர்தம் மொழியே காட்டிக்கொடுக்கிறது. 1749இல் அவர்களையும் அரசு கூட்டங்கூட்டமாகச் சிறைப்பிடித்தது. பிளமெங்கோவை வளர்த்தவர்களுள் இம்மக்களே தலையாயவர்கள். அதன் குரலில் அழுகை மிகுந்திருப்பதில் வியப்பென்ன?

அவ்விசை மங்கிவிடுமோ என அஞ்சிய இசைமேதை மனுவேல் த ஃபாயாவும் கவிஞர் லோர்காவும் மற்றும் சிலரும் 1922இல் அல்ஹம்ரா வளாகத்திலேயே ஒரு போட்டி நடத்தினர். தொழில்முறைப் பாடகர்களைத் தவிர்த்து, எளிய மக்களின் குரலை அழைத்தனர். முதியவர் ஒருவரும் சிறுவன் ஒருவனும் பரிசு பெற்றனர். 2010இல் யுனெஸ்கோ பிளமெங்கோவை மானுடப் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றது.

இனி நம் பள்ளத்தாக்கைப் பார்ப்போம். மொழிவழி மாநிலப் பிரிவினையில் கேரளத்தோடு சேர்ந்த தேவிகுளத்தில் 1958இல் இடைத்தேர்தல் வந்தது. அங்கே தேயிலைத் தோட்டங்களில் உழைத்தோர் பெரும்பாலும் தமிழர். அவர்களிடையே ஆர்மோனியப் பெட்டியோடு சென்று பாடினார் பண்ணைப்புரம் பாவலர் வரதராசன். சொற்பொழிவு எட்டாத செவிகளில் பாட்டு எட்டியது. அவர் ஆதரித்த ரோசம்மா புன்னூஸ் வென்றார். அவர் குழுவில் வளர்ந்த தம்பியே 1943இல் பிறந்த இளையராஜா. கிராமத்து மெட்டுகளோடு சென்னை சென்ற அவர், ஸ்பெயினில் செழித்த அந்தக் கிதாரையும் முறையாகக் கற்றுத் தேர்ந்தார்.

பெரியகுளத்தில் 1945இல் பிறந்த கவிஞர் மு.மேத்தா, அதே இளையராஜாவின் இசைக்குத் திரைப்பாடல்கள் எழுதினார். 2006இல் சாகித்திய அக்காதெமி விருது அவரைத் தேடி வந்தது. 1997இல் வெளிவந்த 'ராமன் அப்துல்லா' படத்தில், இசைமுரசு நாகூர் ஈ.எம்.ஹனிபா இளையராஜாவின் இசையில் பாடினார். பண்ணைப்புரமும் பெரியகுளமும் நாகூரும் இசையால் உறவு கொண்டது இவ்வாறே.

இவர்கள் பெயர்கள் நிலைத்துவிட்டன. பெயரற்றவர்களின் கதி என்ன? உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் பெரியகுளத்திலும் நம் வீட்டுத் தாய்மார் பாடிய தாலாட்டுகள், மணவீட்டுப் பாடல்கள், தாயிரா தட்டித் தெருவில் வந்த பக்கீர்களின் பாடல்கள் முதலியன எந்த ஏட்டில் ஏறின? பாடியவர் மறைந்தால் பாட்டும் உடன் மறைகிறது. அல்ஹம்ராவின் சுவர்கள் இடிந்தால் மீண்டும் கட்டலாம். மறைந்த மெட்டை மீட்க எவராலும் இயலாது.

கிரானடாவில் 1922இல் நடந்ததை இங்கே செய்யப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கைப்பேசி இருக்கிறது. கல்வி கற்ற பிள்ளைகள் இருக்கின்றனர். உத்தமபாளையத்தில் 1956இல் தோன்றிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி போன்ற கல்விக்கூடங்கள் இப்பணிக்குத் தலைமை தாங்கலாம். பாடியவர் பெயர், ஊர், கற்றுத் தந்தவர் பெயர் ஆகியவற்றோடு ஒவ்வொரு பாடலையும் பதிந்து வைப்போம். நம் மூதாட்டியரின் குரல் இருக்கும்போதே இப்பணியைத் தொடங்குவது நம் கடன்.