'கோப் அப் வித்': ஒரு பழைய பாக்கி



போன வாரம் பைகிராஃப்ட்ஸ் ரோட்டில் (பாரதி சாலை ஆகி எத்தனையோ வருஷமாச்சு, என் வாய்தான் மாறவில்லை) பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். "ஸார், 'கோப் அப் வித்' தப்பாமே! ஆபீஸ்ல மேலதிகாரி எல்லார் முன்னாடியும் திருத்தினார். நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?" என்றார் சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்லிக் கொடுத்தது நான்தான். ஒரு வருஷமா, இரண்டு வருஷமா!

'கோப் வித்' என்பதுதான் சரி. நடுவில் 'அப்' கிடையாது. 'கீப் அப் வித்', 'கேட்ச் அப் வித்', 'புட் அப் வித்' என்று பழகிய நாக்கு இங்கேயும் ஒரு 'அப்' சேர்த்துவிடுகிறது. 'கோப்' என்பது அடி, குத்து என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஆதியில் கைகலப்பது என்றே அர்த்தம். 'வேலையோடு மல்லுக்கட்டுகிறேன்' என்கிறோமே, அந்த 'ஓடு'தான் 'வித்'. மல்லுக்கட்ட 'அப்' எதற்கு? இப்படிச் சொல்லியிருந்தால் அன்றே உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கே அப்போது தெரியாது.

நம் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில்தான் வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரியார் தலைமையாசிரியராக இருந்தார். 1907-ல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்வதற்கு முந்தைய கதை இது. அவர் வகுப்பெடுத்த நாளில் 'ஃப்ரேஸல் வெர்ப்' என்ற பெயரே புழக்கத்தில் இல்லை. 1925-ல் லோகன் பியர்சால் ஸ்மித் தம் புத்தகத்தில் எழுதிய பிறகுதான் அது பரவியது. பெயரை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஆசிரியர் ஹென்றி பிராட்லி. பெயர் இல்லாவிட்டால் என்ன? சாஸ்திரியாருக்கு உபயோகம் தெரியும்.

காந்திஜியின் சுயசரிதையை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதன் திருத்திய பதிப்பு 1940-ல் வந்தது. ஆங்கிலப் புலமை மிக்க பெரியவர் ஒருவர் மொழிநடையைத் திருத்தித் தந்தார், பெயரை வெளியிடக் கூடாதென்பது அவர் போட்ட நிபந்தனை என்று தேசாய் முன்னுரையில் எழுதினார். அந்தப் பெரியவர் சாஸ்திரியார்தான் என்பது பிற்பாடு எல்லோரும் அறிந்தது. அவர் அடுத்தவர் தப்பைத் திருத்தினார், பெயரை மறைத்துக்கொண்டார். இது என் சொந்தத் தப்பு. மறைக்க எனக்கு வழியில்லை.

ஆகவே, என்னிடம் படித்தவர்கள் அந்த 'அப்'பை அடித்துவிடுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்திருந்தால் இன்று ராத்திரியே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். 'டிஸ்கஸ் அபௌட்' மட்டும் என் கணக்கில் வராது. அதை நான் ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை!