தண்ணீர் நின்ற பிறகு விளையும் உளுந்து

திருச்சி மாவட்டத்தில் மணப்பாறைப் பக்கம் மானாவாரி நிலம். கொள்ளும் துவரையும் மழையை நம்பி நிற்கும். ஸ்ரீரங்கத்தைத் தாண்டிக் கிழக்கே லால்குடிப் பக்கம் போனால் வாய்க்காலும் நெல்லும்தான். ஆனால் காவிரிப் பாசன வயல்களில் பெரும்பகுதி தை பிறந்த சில வாரங்களில் மானாவாரி போல ஆகிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இதற்குக் காரணம் ஆற்றின் வரலாறு. முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. நடுவே கிடக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம். கொள்ளிடம் பள்ளமானது. வெள்ளம் அதில் ஓட, காவிரி மணலேறி மேடிட்டது. அதைச் சரிசெய்யவே ஆர்தர் காட்டன் 1836ல் மேலணை கட்டினார். 1934ல் மேட்டூர் அணை வந்தது. ஜூன் 12ல் திறப்பு, ஜனவரி 28ல் மூடல் என்பது வழக்கமாயிற்று. கணக்கெல்லாம் நெல்லுக்குத்தான். பயறுக்கென்று யாரும் தண்ணீர் ஒதுக்கவில்லை!

விவசாயிகள் அதற்கும் வழி கண்டார்கள். சம்பா அறுவடைக்கு 7 முதல் 10 நாட்களுக்கு முன், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போதே நெல்லுக்குள் உளுந்தையோ பச்சைப்பயறையோ விதைத்துவிடுவார்கள். கதிர் அறுபடும்போது நாற்று தரையோடு தரையாக நிற்கும். களிமண்ணில் மிஞ்சிய ஈரமும் இரவுப் பனியும்தான் அதன் பாசனம். நெல்லுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் தேவை; உளுந்துக்கு 300 அளவே போதும். இலை மண்ணை மூடுவதால் ஈரம் சீக்கிரம் போகாது, வேர் முடிச்சு தழைச்சத்து தரும். உழவில்லை, நீர்ப்பாய்ச்சல் இல்லை. செலவு பெரும்பாலும் விதையும் பறிகூலியும்தான். நெல்லில் முதலை இழந்தவருக்கும் 70 நாளில் கைக்காசு.

சிக்கல் பூக்கும் சமயத்தில்தான். அப்போது ஈரம் குறைந்தால் காய் பிடிக்காது. 2 சத டி.ஏ.பி. கரைசல் தெளிக்கச் சொல்வது அதனால்தான். 2012 முதல் 2019 வரை மேட்டூர் ஜூன் 12ல் திறக்கப்படவே இல்லை. சம்பா தள்ளிப்போனால் பயறு வெயிலில் மாட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு அறுவடை இயந்திரம்! அரிவாள் விட்டுவைத்த நாற்றை அதன் சக்கரம் நசுக்கிவிடுகிறது. அறுவடைக்குப் பின் விதைக்கலாம் என்றாலோ, அதற்குள் ஈரம் பாதி போயிருக்கும். குழாய்க்கிணறு உள்ளவர்கள் ஒரு தண்ணீர் விட்டுச் சமாளிக்கிறார்கள். மற்றவர்கள் விதையைக் கூடுதலாக வீசுகிறார்கள்.