ஒரு பாடத்தில் தோற்றால்: சென்னையின் இளநிலைப் பட்டம் கடந்துவந்த பாதை

சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி ஒன்றில் பி.காம். கணினிப் பயன்பாடு முடித்தவரின் மதிப்பெண் பட்டியலை மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு வந்தால், அது ஒரே ஆள் படித்த படிப்புதானா என்று சந்தேகம் வரும். முதல் பகுதியில் சங்க இலக்கியமும் பக்தி இலக்கியமும். இரண்டாம் பகுதியில் ஆங்கிலம். மூன்றாவதில் கணக்குப் பதிவியல், வணிகச் சட்டம், நிரல் எழுதுதல், டேலி. நான்காவதில் சுற்றுச்சூழலும் விழுமியக் கல்வியும். ஐந்தாவதில் நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற புறப்பணிகள். பக்கத்து வகுப்பில் பி.ஏ. ஆங்கிலம் படிப்பவரோ, மில்டனையும் கீட்ஸையும் புரிந்துகொள்ள ஸீயஸ், ஹெலன், பெர்செபோனி என்று கிரேக்கப் புராணத்துக்குள் இறங்கியிருப்பார்.

புதிய கல்விக் கொள்கை பேசும் ‘பலதுறைப் படிப்பு’ நேற்று முளைத்ததல்ல. சென்னைப் பட்டம் பிறந்த நாளிலிருந்தே அதற்குள் பல துறைகள் இருந்தன. காலந்தோறும் மாறியது பாடங்களின் பெயர்ப் பட்டியல் மட்டும் என்று நினைத்தால் பாதி வரலாறு விட்டுப்போகும். ஒரு பாடத்தில் தோற்றால் மற்ற பாடங்களின் கதி என்ன? இந்தக் கேள்விக்குப் பல்கலைக்கழகம் சொன்ன பதில் மாறி மாறி வந்ததுதான் மீதிப் பாதி. அதைப் பின்தொடர்ந்தால் யாழ்ப்பாணத்தில் தொடங்கிக் கிண்டியில் வந்து நிற்க வேண்டியிருக்கும்.

வட்டுக்கோட்டையிலிருந்து வந்த இருவர்

1857 செப்டம்பர் 5-ஆம் நாள் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களும் அதே ஆண்டில் பிறந்தவை. மூன்றுக்கும் முன்மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். அது அப்போது பாடம் நடத்தும் இடமல்ல, தேர்வு நடத்தும் இடம். கல்லூரிகள் கற்பிக்க வேண்டும், பல்கலைக்கழகம் கேள்வித்தாள் தயாரித்துப் பட்டம் தர வேண்டும். அந்த ஏற்பாட்டில் பல்கலைக்கழகம் மாணவரைச் சந்தித்த ஒரே இடம் தேர்வுக்கூடம்.

அதன் முதல் பட்டதாரிகள் சென்னையில் பிறந்தவர்கள் அல்லர். சி. வை. தாமோதரம் பிள்ளை, கறல் விசுவநாத பிள்ளை இருவரும் யாழ்ப்பாணத்தார். வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள். அமெரிக்க மிஷனரிகள் 1823-இல் தொடங்கி 1855-இல் மூடிய அந்தச் செமினரியில் தமிழ், ஆங்கிலம், சமஸ்கிருதம், யூக்ளிடின் வடிவியல், வானவியல், இயற்பியல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடந்தன. தேர்ந்த சிலருக்குக் கிரேக்கமும் இலத்தீனும் கற்பிக்கும் நோக்கமும் அதற்கு இருந்தது. விசுவநாத பிள்ளை பீசகணிதத்தைத் தமிழில் நூலாக எழுதியவர். தாமோதரம் பிள்ளையின் வாழ்க்கை இன்னும் அகலமானது. பத்திரிகை ஆசிரியர், கல்லூரி ஆசிரியர், அரசாங்க வரவு செலவுக் கணக்குச் சாலையில் அதிகாரி, பின் சட்டப் பட்டம், புதுக்கோட்டையில் நீதிபதி. இவற்றுக்கு நடுவில்தான் அவர் செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்தார்.

கணக்குச் சாலையும் கலித்தொகையும் ஒருவர் கையில் சேர்ந்ததற்கு அந்தப் படிப்பின் அகலம் ஒரு காரணம். ஆனால் அந்த அகலம் செமினரி தந்தது. பல்கலைக்கழகம் அதைச் சோதித்து முத்திரை குத்தியது.

சீரணமாகாத பாடம்

பி.ஏ.வுக்கு முன்னால் எஃப்.ஏ. என்னும் இரண்டாண்டுப் படி வந்தது. பல துறைகளையும் ஒருவர் தலையில் கட்டியது அந்தத் தேர்வு. ஆங்கிலம், இரண்டாம் மொழி, கணிதம், உடலியங்கியல், கிரேக்க ரோமானிய வரலாறு என எல்லாவற்றையும் எல்லாரும் எழுத வேண்டும். ஒன்றில் விழுந்தால் முழுத் தேர்விலும் விழுந்ததாகவே கணக்கு. மறுமுறை எழுதும்போது தேறிய பாடங்களையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இந்த விதிக்குப் பலியானவர்களில் உலகம் அறிந்தவர் ஸ்ரீநிவாச ராமானுஜன். 1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசு கல்லூரியில் சேர்ந்தார். ரோமானிய வரலாற்று வகுப்பிலும் அவர் கை சூத்திரங்களையே எழுதிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் தோற்றதும் உதவித்தொகை போயிற்று. 1906-இல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே குறுக்கே நின்றது உடலியங்கியல். சீரண மண்டலம் பற்றிய கேள்விக்கு, சீரணப் பாடத்தில் தனக்குச் சீரணமாகாத மிச்சம் இது என்று விடைத்தாளிலேயே எழுதிக் கொடுத்தார் என்ற கதை அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் வருகிறது. 1906, 1907 இரண்டு ஆண்டுகளிலும் எஃப்.ஏ. தேறவில்லை. கணிதத்தில் எடுத்த மதிப்பெண் உடலியங்கியலின் பள்ளத்தை நிரப்ப உதவவில்லை.

அதே பல்கலைக்கழகம் 1913-இல் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அவர் கடைசியில் பெற்ற பி.ஏ., 1916-இல் கேம்பிரிட்ஜ் தந்தது. ஆய்வுக்காகக் கிடைத்த பட்டம் என்பதால் அதில் உடலியங்கியலும் இல்லை, ரோமும் இல்லை.

பெயருக்குப் பின்னால் ‘எஃப்.ஏ. ஃபெயில்’, ‘பி.ஏ. ஃபெயில்’ என்று போட்டுக்கொள்ளும் வழக்கம் அந்தக் காலத்தில் கேலிக்குரியதாகத் தோன்றவில்லை. ஐந்தில் நான்கு பாடங்களைக் கரைத்துக் குடித்தவருக்கும் அதைச் சொல்ல வேறு சொல் கிடையாது.

மெயின் பிறந்தது

1904-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த சீர்திருத்தங்களில் எஃப்.ஏ. மறைந்து இன்டர்மீடியட் வந்தது. மாணவர் சில விருப்பப் பாடங்களைத் தொகுப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. ஆனர்ஸ் வகுப்புகள் தனித் துறைப் புலமைக்கு வழிவிட்டன. இன்று மாணவர்கள் ‘மெயின்’, ‘அலைடு’ என்று பிரித்துப் பேசும் பழக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது.

அகலத்தைக் குறைக்கும் பேச்சு எழுந்தபோது முதலில் வெட்டுப்பட இருந்தது எது தெரியுமா? தமிழ்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்டப் படிப்பிலிருந்து தமிழை விலக்கும் யோசனை வந்தது. கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியர் பரிதிமாற் கலைஞரும் ம. சி. பூரணலிங்கம் பிள்ளையும் அதை எதிர்த்து நின்றார்கள். இன்றைய மதிப்பெண் பட்டியலின் முதல் பகுதி சும்மா கிடைத்ததல்ல.

விருப்பப் பாடம் என்றாலும் விருப்பம் எப்படி உண்டானது என்பது வேறு கதை. கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தத்துவத்தை எடுத்ததற்குக் காரணம், அதே பாடத்தை முடித்த உறவினர் தம் புத்தகங்களை அவருக்குக் கொடுத்ததுதான். புத்தகச் செலவு மிச்சம். இப்படித் தற்செயலாகத் துறை அமைந்த அதே மனிதர் 1948-இல் சுதந்திர இந்தியாவின் பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைவரானார். எந்தத் துறை மாணவரானாலும் அறிவியல், சமூக அறிவியல், மானுடப் புலங்கள் ஆகியவற்றில் பொதுக் கல்வி பெற வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. எஃப்.ஏ.வின் கட்டாயம் போய் ஒரு தலைமுறைக்கு மேல் ஆனபின் அதன் அகலம் மட்டும் வேறு பெயரில் திரும்பக் கேட்கப்பட்டது.

கிண்டியின் ஒற்றைத் தடம்

நிலம் அளக்கும் ஆட்கள் வேண்டும் என்ற ஒரே தேவைக்காக 1794 மே 17-ஆம் நாள் எட்டு மாணவர்களோடு தொடங்கியது சென்னையின் சர்வே பள்ளி. வானியலாளர் மைக்கேல் டாப்பிங்கின் யோசனை அது. 1859-இல் பொறியியல் கல்லூரியாக வளர்ந்து, சேப்பாக்கத்திலிருந்து 1920-இல் கிண்டிக்குக் குடிபெயர்ந்தது. தொடக்கத்திலிருந்தே அதன் தடம் ஒற்றைத் தடம்.

ஆனாலும் அந்நாளில் கிண்டிக்குள் நுழைபவர் வேறொரு கல்லூரியில் மொழியும் அறிவியலும் படித்துவிட்டே வந்தார். பால்காரர் என்று நாடு கொண்டாடிய வர்கீஸ் குரியன் லயோலாவில் இயற்பியல் முடித்து, அதன் பிறகு கிண்டியில் பொறியியல் படித்தவர். 1978-இல் பிளஸ் டூ வந்து, பி.யு.சி. என்னும் கல்லூரிப் புகுமுக வகுப்பு மறைந்தபோது இந்த இடைப்படி இல்லாமல் போனது. பள்ளியிலிருந்து நேரே தொழிற்கல்வி. அதே 1978-இல் கிண்டிப் பொறியியல் கல்லூரியும் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் சென்னைப் பல்கலைக்கழகத்தை விட்டுப் பிரிந்து, பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக ஒன்றுசேர்ந்தன. கலையும் பொறியியலும் வெவ்வேறு வீடுகளாயின.

வீடு பிரிந்தாலும் சில மனிதர்கள் இரண்டு வீட்டிலும் நடமாடினார்கள். கிண்டியில் நீரியல் பேராசிரியராக இருந்து அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தரான வா. செ. குழந்தைசாமியின் பெயரில் மழைநீர் ஓட்டத்தைக் கணக்கிடும் ஒரு மாதிரியம் உண்டு. குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதை எழுதியவரும் அவரே. 1988-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவருடைய நூல் ‘வாழும் வள்ளுவம்’.

ஷிப்ட் மாறி வந்த கணினி

1960-களில் கிண்டிப் பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஐ.பி.எம். 1620 கணினி வந்து இறங்கியது. 1973-இல் பக்கத்து ஐ.ஐ.டி.க்கு ஜெர்மன் உதவியோடு ஐ.பி.எம். 370 வந்தது. துளையிட்ட அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு, தாளில் அச்சாகி வரும் விடைக்குக் காத்திருந்த காலம். அட்டை ஒன்று வரிசை மாறினால் ஒரு நாள் வேலை வீண். கலைக்கல்லூரி மாணவருக்கு அந்தக் குளிரூட்டிய அறைக்குள் இடமில்லை.

அவருக்குக் கணினி கிடைத்தது தெருவில். 1990-களில் என்.ஐ.ஐ.டி., ஆப்டெக், எஸ்.எஸ்.ஐ. பலகைகள் தி.நகரிலும் அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் தொங்கின. காலையில் பி.காம்., மாலையில் ‘கோர்ஸ்’ என்று இரண்டு கட்டணம் கட்டியது ஒரு தலைமுறை. வேலைக்கு எடுத்தவர்கள் இரண்டாவது சான்றிதழையும் கேட்டார்கள். வெளியே விற்ற அந்தச் சரக்கைக் கல்லூரிகள் உள்ளே கொண்டுவந்தபோது பி.சி.ஏ.வும் பி.காம். கணினிப் பயன்பாடும் பெருகின. அரசு உதவிபெறும் கல்லூரிகளில் இவை பெரும்பாலும் சுயநிதிப் பிரிவாக, இரண்டாம் ஷிப்ட்டில் நுழைந்தன. காலையில் வரலாறும் தத்துவமும் நடந்த அதே வகுப்பறையில் பிற்பகலில் தரவுத்தளப் பாடம். ஒரே கட்டடம், ஒரே கரும்பலகை. கட்டணம் மட்டும் வேறு. கல்லூரியின் துறைகள் பெருகின. ஆனால் ஒரு ஷிப்ட் மாணவர் மற்ற ஷிப்ட்டின் பாடத்தில் போய் உட்கார வழியில்லை.

வகுப்புக்கே வர முடியாதவர்களுக்கும் கதவு திறந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இல் அஞ்சல்வழிக் கல்வி நிறுவனத்தைத் தொடங்கியது. 2002-இல் பிறந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கிண்டிக்கு அடுத்த சைதாப்பேட்டையில் இருக்கிறது. தொழிற்பேட்டையில் வேலை பார்த்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகிறவருக்கு இவை கைகொடுத்தன.

அரியர் என்ற கண்டுபிடிப்பு

செமஸ்டர் முறை கொண்டுவந்த பெரிய மாற்றம் ‘அரியர்’. தோற்ற தாளை மட்டும் தூக்கிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போகலாம். தேறியது தேறியதுதான். கணிதத்தில் நூறும் உடலியங்கியலில் பூஜ்யமும் எடுத்த பையன் இன்றைய ஏற்பாட்டில் ஒரு அரியரோடு மூன்றாம் ஆண்டு கணிதம் படித்துக்கொண்டிருப்பான். பாடப்பட்டியலில் எந்தத் திருத்தமும் செய்யாமலே பலதுறைப் படிப்பின் கொடுக்கைப் பிடுங்கியது இந்த ஒரு விதி.

இந்தச் சொல்லுக்கு இருந்த கனம் 2020 ஆகஸ்டில் ஊருக்கே தெரிந்தது. கொரோனா காலத்தில் கட்டணம் கட்டியிருந்தவர்களின் அரியர் தாள்களில் தேர்ச்சி தரப்படும் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். மாணவர்கள் அவரைப் புகழ்ந்து பேனர் வைத்தார்கள். தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. ஏற்கவில்லை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போய், தேர்வு எழுதாமல் தேர்ச்சி கிடையாது என்று முடிந்தது.

அரியருக்கு அடுத்த படி கிரெடிட். 2008-ஐ ஒட்டி இணைப்புக் கல்லூரிகளுக்கு வந்த விருப்பத்தேர்வுக் கிரெடிட் முறையில் நான்காம் பகுதியின் ஏற்பாடு கவனிக்கத்தக்கது. பள்ளியில் தமிழே படிக்காதவர் அடிப்படைத் தமிழ் எடுக்க வேண்டும். பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழிக்குப் போனவருக்குச் சிறப்புத் தமிழ். முதல் பகுதியிலேயே தமிழ் எடுத்தவர் தன் துறைக்கு வெளியே ஒரு பாடத்தைத் தேர்ந்துகொள்ளலாம். வணிகவியல் மாணவர் வரலாற்றை எடுக்கவும், வரலாற்று மாணவர் கணினி அடிப்படைகளை எடுக்கவும் இந்தச் சின்னக் கதவுதான் வழி. எந்தக் கதவு திறக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது துறைகளின் கால அட்டவணை.

கிண்டிக்கு அடுத்த ஐ.ஐ.டி. இன்னும் ஒரு அடி போனது. 2020-இல் அறிவித்த இணையவழித் தரவு அறிவியல் பட்டத்தில் எந்தப் பட்டம் படிப்பவரும், எந்த வேலையில் இருப்பவரும் சேரலாம். நடுவில் நின்றால் தோல்வி இல்லை. அதுவரை சேர்த்த கிரெடிட்டுக்கு ஏற்பச் சான்றிதழோ டிப்ளமோவோ வாங்கிக்கொண்டு வெளியேறலாம். பி.ஏ. ஆங்கிலத்தில் கிரேக்கப் புராணம் வாசித்துக்கொண்டே பைத்தான் நிரலும் எழுதும் மாணவர் இன்று கற்பனை அல்ல.

அண்ணா பல்கலைக்கழகத்தில் காற்று எதிர்த்திசையிலும் வீசுகிறது. 2022 முதல் பொறியியல் முதலாண்டு மாணவர்களுக்கு ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என இரண்டு பாடங்கள் கட்டாயம். நடுகல், தெருக்கூத்து, சிலம்பாட்டம் முதலில். பானை வனைதலும் கப்பல் கட்டும் கலையும் அடுத்த செமஸ்டரில். ஒவ்வொன்றும் ஒரே ஒரு கிரெடிட். எந்திரவியலிலும் கணினியிலும் எத்தனை மதிப்பெண் எடுத்தவரானாலும், அந்த ஒற்றைக் கிரெடிட் தாள் அரியராக நின்றால் அதை எழுதி முடிக்கும்வரை பட்டச் சான்றிதழ் கைக்கு வராது.