டிராம் தண்டவாளம் சொல்லித்தந்த கிரவுண்டிங்

பவர் சப்ளை போர்டு வரைகிறவர்களில் பலர் கிரவுண்டை ஒரு கிணறு மாதிரி நினைக்கிறார்கள். மின்னோட்டத்தை அதில் கொட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று. அப்படி முடியாது. போன மின்னோட்டம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தாகணும். இதை அதிகச் செலவு பண்ணிக் கற்றுக்கொண்டவர்கள் டிராம் இன்ஜினியர்கள்.

இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895 மே மாதம் மெட்ராஸில் ஓடியது. முதலில் மின்கம்பி சாலைக்கு அடியில் ஒரு கால்வாய்க்குள் கிடந்தது. மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்து தொல்லை கொடுத்ததால், பிறகு கம்பி தலைக்கு மேலே போனது. மேல்கம்பி டிராம்களில் மின்சாரம் திரும்பும் வழி பொதுவாகத் தண்டவாளம்தான்.

தண்டவாளத்துக்கும் மின்தடை உண்டு. அதன் இணைப்புகளில் இன்னும் அதிகம். அதனால் மின்னோட்டத்தில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கி, பக்கத்தில் உள்ள தண்ணீர்க் குழாய் வழியாகப் போகும். குழாயை விட்டு அது வெளியேறும் இடத்தில் இரும்பு கரையும். ஒரே ஒரு ஆம்பியர் ஒரு வருஷம் இப்படிப் போனால் சுமார் 9 கிலோ இரும்பு காலி. 1894-லேயே பிரிட்டிஷ் அரசு, திரும்பும் தண்டவாளத்தில் எந்த இரண்டு இடங்களுக்கு நடுவிலும் 7 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்று விதி போட்டது. இணைப்புகளில் செப்புப் பட்டை போட்டார்கள். தூரத்துத் தண்டவாளங்களிலிருந்து மின்நிலையத்துக்குத் தனி கேபிள் இழுத்தார்கள்.

பம்பாயில் கதை வேறு மாதிரி. மேலே போய்த் தரை வழியாகத் திரும்பும் மின்னோட்டம் ஒரு பெரிய வளையம். வளையம் இருந்தால் காந்தப்புலம் இருக்கும். டிராம் வரப்போகிறது என்றதும், கொலாபா ஆய்வகத்தின் காந்த அளவீடுகளை 1904-ல் கடல் தாண்டி அலிபாக்குக்கு மாற்றினார்கள்.

இனி உங்க போர்டைப் பாருங்க. 35 மைக்ரான் செம்பில் 10 மி.மீ. அகலம், 100 மி.மீ. நீளம் உள்ள பாதைக்கு மின்தடை சுமார் 5 மில்லிஓம். 20 ஆம்பியர் ஓடினால் 100 மில்லிவோல்ட் இறங்கும், 2 வாட் சூடாகும். அந்தப் பாதையிலேயே ஃபீட்பேக்கின் கிரவுண்டையும் கட்டினால், அந்த 100 மில்லிவோல்ட் அளவீட்டில் கலந்துவிடும்.

மருந்து பழசுதான். பாதையை அகலமாக்குங்க, போகிற வழியும் திரும்புகிற வழியும் ஒட்டியே ஓடட்டும், அளவீட்டுக்குத் தனிக் கம்பி. 7 வோல்ட் விதி போட்டவர்கள் செய்ததுபோல, கிரவுண்டில் எவ்வளவு இறங்கலாம்னு முதல்லயே ஒரு எண் எழுதி வச்சுக்கோங்க.