பேர் லஷேஸ் கல்லறைத் தோட்டம்

பாரிஸ் நகரின் கிழக்குப் பகுதியில், குன்றுச் சரிவொன்றில் சுமார் 44 ஹெக்டேர் பரப்பில் அமைந்துள்ள கல்லறைத் தோட்டம். 14ஆம் லூயி மன்னருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்ட சேசு சபைக் குரு பிரான்சுவா தெ லா ஷேஸ் இங்கிருந்த மடத்தில் தங்கியதால் இப்பெயர் வந்தது.

நகர நடுவில் நூற்றாண்டுகளாகப் பிணங்களை ஏற்றுவந்த மாசில்லாக் குழந்தைகள் கல்லறைத் தோட்டம் நிரம்பி வழிந்து, நாற்றம் தாங்காமல் 1780இல் மூடப்பட்டது. எலும்புகள் 1786 முதல் பழைய கற்சுரங்கங்களுக்குப் போயின. இனி ஊருக்கு வெளியேதான் அடக்கம் என்றானபின், 1804 மே 21 அன்று பேர் லஷேஸ் திறக்கப்பட்டது. மரநிழற் பாதைகளோடு பூங்காபோல் அதை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் பிரோஞ்ஞார்.

ஆனால் அவ்வளவு தொலைவில் புதைபட யாருக்கும் மனம் வரவில்லை. நிர்வாகம் கண்ட வழி சாமர்த்தியமானது. 1817இல் நாடகாசிரியர் மோலியேர், நீதிக்கதைக் கவிஞர் லா ஃபோந்தேன், இடைக்காலக் காதலர் அபெலார்–எலுவாஸ் ஆகியோருடையவை எனப்பட்ட எலும்புகளை இங்கே கொண்டுவந்தது. அவை உண்மையில் அவர்களுடையவைதாமா என்ற ஐயம் இன்றும் தீரவில்லை. ஆனாலும் வந்த வேலை முடிந்தது. பெரியவர்களுக்குப் பக்கத்தில் இடம் வேண்டும் என்று செல்வர்கள் வரத் தொடங்கினார்கள். பின்னாளில் இசையமைப்பாளர் ஷோபான், நாவலாசிரியர்கள் பால்சாக், புரூஸ்ட், பாடகி பியாஃப் எல்லோரும் இங்கேதான். ஷோபானின் இதயம் மட்டும் வார்சா தேவாலயம் ஒன்றில் இருக்கிறது.

பார்க்க வருவோரின் அன்பு சில கல்லறைகளுக்குப் பாரமாயிற்று. எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு 1900இல் இறந்து வேறிடத்தில் புதைக்கப்பட்டு, 1909இல் இங்கு மாற்றப்பட்டவர். சிற்பி எப்ஸ்டைன் செதுக்கிய அவரது நினைவுக்கல்லில் உதட்டுச்சாய முத்தங்கள் குவிந்து, அவற்றைத் துடைத்துத் துடைத்தே கல் தேய்ந்ததால், 2011இல் சுற்றிலும் கண்ணாடித் தடுப்பு எழுப்பினார்கள். பாடகர் ஜிம் மாரிசனின் மார்பளவுச் சிலை 1988இல் திருடுபோய், 2025இல் வேறொரு வழக்கை விசாரித்த காவல்துறையின் கையில் தற்செயலாக அகப்பட்டது.

தோட்டத்தின் கிழக்கு மூலையில் இருப்பது வெறும் சுவர். 1871 மே 28 அன்று பாரிஸ் கம்யூன் என்ற புரட்சி அரசின் போராளிகள் 147 பேர் அங்கே நிறுத்திச் சுடப்பட்டு, அதன் அடியிலேயே பள்ளத்தில் தள்ளப்பட்டனர். கம்யூனை ஒடுக்க ஆணையிட்ட அடால்ஃப் தியேரும் இதே தோட்டத்தில்தான், கோயில்போல் எழுந்த தனி மண்டபத்தில் கிடக்கிறார். ஆண்டுதோறும் மே மாதம் செங்கொடிகளுடன் வரும் ஊர்வலம் பூவைச் சுவரடியில் வைத்துவிட்டுப் போகிறது.