யானை டாக்டர் (வகுப்பறை வாசிப்பு)

ஜெயமோகனின் சிறுகதை. திருவண்ணாமலையின் வம்சி புக்ஸ் 2011-இல் வெளியிட்ட ‘அறம்’ தொகுப்பில் உள்ளது. யானை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியின் (1929–2002) வாழ்வை அடிப்படையாகக் கொண்டது. பின்னர் தமிழக அரசின் பதினோராம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் துணைப்பாடமாகச் சேர்ந்தது.

கலந்துரையாடலுக்கு மிகவும் ஏற்ற கதை இது. சுற்றுலாப் பயணிகள் காட்டில் வீசிய பீர் பாட்டிலின் உடைந்த சில்லு யானையின் காலில் ஏறிப் புண்ணாகிறது. குற்றவாளி யார், வீசியவர் மட்டுமா என்ற கேள்வி மாணவர்களை இரு தரப்பாகப் பிரிக்கும். அழுகிய உடலில் நெளியும் புழுக்களை மருத்துவர் அருவருப்பின்றிப் பார்ப்பது இன்னொரு விவாத முனை. கதைசொல்லியான வன அதிகாரியின் பார்வை எந்த இடத்தில் மாறுகிறது என்பதை வரி காட்டி நிறுவச் சொன்னால், கதைச்சுருக்கத்தை மனப்பாடம் செய்யும் வழக்கம் விலகி, வாசிப்பு தொடங்கும்.